முதல் சுற்றில் வென்றவன்

எலும்பு அறுக்கும் மின்வாள் முதலில் சீறும். எலும்பில் ஏறியதும் குரல் மாறி அலறும். மறுபக்கம் வெளியேறியதும், தின்று முடித்த மிருகம்போல மூச்சு வாங்கும். போன கிழமை அஹுன்ட்சிக்கில் ஒரு கடையில் முருங்கைக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றேன். பின்பக்கத்தில் யாரோ உறைந்த ஆட்டுத் தொடையை அந்த வாளுக்குக் கொடுத்தார்கள். கருகிய எலும்புத்தூளின் மணம் வந்தது. என் பற்கள் தாமாகவே இறுகின. முருங்கைக்காயைப் போட்டுவிட்டு வெளியே வந்து, தாடையைக் கையால் பிடித்துக்கொண்டு குளிரில் நின்றேன்.

அந்த ஓசைக்குள் இருந்துதான் என் தம்பி அரசியலுக்குப் போனான்.

இரண்டாயிரத்தின் நடு ஆண்டுகள். ஊரில் போர் நின்று, சமாதானம் என்ற பெயரில் ஒன்று இருந்தது, ஏரியில் முதல் நாள் படிந்த பனிக்கட்டிபோல. மேலே நடக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். உடையட்டும் என்று சிலர் கல் தேடினார்கள். நாங்கள் கனடாவில், கியூபெக்கின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், தெரு மட்டத்து அபார்ட்மெண்டில் இருந்தோம். என் கணவருக்கு ஆஸ்பத்திரியில் கட்டில்களையும் ஆட்களையும் தள்ளிக்கொண்டு போகும் வேலை. எனக்குக் கார்டெரியில் வேலை. தாய் தகப்பன் வேலைக்குப் போன நேரத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது. தம்பி பல் டொக்டர். கர்க்லாண்டில் வீடு, எங்கள் தெருமுனையில் கிளினிக்.

தம்பியை இந்த நாட்டுக்கு எடுத்துப் படிப்பித்தது என் கணவர். அதை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. தம்பிதான் சொல்லித் திரிவான். "அத்தான் இல்லாட்டி நான் இண்டைக்கும் கோப்பை கழுவிக்கொண்டு நிண்டிருப்பன்." என் கணவருக்கு மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டு இருக்கவில்லை. ஊரில் ஒரு துவக்கின் பின்பக்கம் அவற்றை எடுத்தது. அந்தத் துவக்கைப் பிடித்திருந்தவன் எங்களுக்காகச் சண்டை பிடித்த இயக்கத்துப் பையன். எங்கள் மொழியில் ஏசிக்கொண்டு அடித்தவன். டொக்டர் பட்டம் கைக்கு வந்ததும் தம்பி செய்த முதல் வேலை, அத்தானை நாற்காலியில் சாய்த்து இரண்டு பல் கட்டியது. "இப்ப சிரியுங்கோ அத்தான்" என்றான். அவர் சிரித்தார். கலியாணம் முடித்த நாளில்கூட நான் பார்க்காத சிரிப்பு.

இந்த நாட்டில் தேர்தலுக்கு முன்னால் இன்னொரு தேர்தல் இருக்கிறது. கட்சி தன் வேட்பாளரைத் தெரிவு செய்வதற்கு, அந்தத் தொகுதியில் கட்சி அட்டை வைத்திருப்பவர்களை ஒரு மண்டபத்தில் கூட்டி வாக்கெடுக்கும். எங்கள் தொகுதியில் அந்தக் கட்சி கழுதையை நிறுத்தினாலும் வெல்லும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆகவே உண்மையான தேர்தல் அந்த மண்டபத்தில்தான். அதற்கு நகரம் வராது. மெட்ரோவில் எதிரே உட்கார்ந்து தூங்கும் பிலிப்பினோ தாதி வரமாட்டாள். மாடிப்படியில் எனக்குப் பொன்ஷூர் சொல்லும் ஹெயிட்டிக் கிழவர் வரமாட்டார். அட்டை இருக்கிறவன் வருவான். அட்டை இருக்கிறவர்களிலும், நெஞ்சுக்குள் ஏதோ எரிகிறவன்தான் பனியில் காரைக் கிளப்பிக்கொண்டு வருவான். எரியாதவனுக்குச் சனிக்கிழமை தூக்கம் இருக்கிறது.

தம்பிக்கு அந்த வேட்பாளர் இடம் வேண்டும் என்றாகிவிட்டது. அவன் ஆசை கெட்ட ஆசை இல்லை. பார்லிமெண்டில் எழும்பி நின்று ஊரைப்பற்றி ஒருவன் சொல்லவேண்டும், சொல்லத் தெரிந்த ஒருவன் சொல்லவேண்டும் என்று நினைத்தான்.

இறைச்சிக் கடைக்காரர் அவனுக்கு வலதுகை ஆனார். பெரிய தோள், சிவந்த கை, எந்த வீட்டில் எத்தனை பேர், யாருக்கு யார் கோபம் என்று எல்லாம் தெரிந்த மனிதர். ஆடு வாங்க வருகிற சனத்துக்கெல்லாம் அட்டை கொடுத்தார். கடையின் பின்னறைதான் தம்பியின் தேர்தல் அலுவலகம், கந்தோர். ஒரு மேசை, தேத்தண்ணிப் போத்தல், சுவரில் தம்பியின் படம். அதற்குப் பக்கத்தில், தோலுரிந்து, கொக்கியில் தொங்கும் ஆடுகள்.

தொடக்கத்தில் தம்பி நல்லாகத்தான் பேசினான். ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் நேரம். ஊரில் படித்த டொக்டர்மாரும் எஞ்சினியர்மாரும் இங்கே டாக்ஸி ஓட்டுவது. பிறகு ஊர்: "ரெண்டு பக்கமும் துவக்கைக் கீழ வைச்சுக் கதைக்கவேணும், கனடா நடுவில நிக்கவேணும்." சனம் கேட்டது. ரோல்ஸ் சாப்பிட்டது. ஒரு கிழவர் கொட்டாவி விட்டார்.

"டொக்டர், உப்பு காணாது" என்றார் இறைச்சிக் கடைக்காரர்.

"உண்மையைத்தானே சொல்லுறன், அண்ணை."

"உண்மைதான். ஆனா சனம் அதைக் கேக்க பஸ் ஏறி வராது."

அந்த நேரத்தில்தான் வீட்டுத் தரகர் போட்டிக்கு வந்தார். அவரும் எங்கள் ஆள்தான். பாதித் தமிழருக்கு வீடு வாங்கிக் கொடுத்தவர். பளபளக்கும் சப்பாத்து, இனிய குரல். முதல் கூட்டத்திலேயே கேட்டார்: "ரெண்டு பக்கமும் எண்டு சொல்லுறாரே டொக்டர், அடிச்சவனும் அடிவாங்கினவனும் ஒண்டோ?" மண்டபம் அதிர்ந்தது. அடுத்த கூட்டத்தில் தம்பி 'இரண்டு பக்கம்' என்பதை விட்டான். அதற்கடுத்த கூட்டத்தில் தரகர், சமாதானம் என்பதே பொறி என்றார். தம்பி, பொறி வைத்தவனின் கையை உடைக்கவேண்டும் என்றான். தரகர், கையா, கழுத்து என்றார். ஒவ்வொரு கிழமையும் ஒருவரின் குரல் மற்றவரின் குரலுக்கு மேல் ஏறியது, இரண்டு நாய்கள் ஒரே மதிலில் கால் தூக்குவதுபோல. கூட்டம் நடந்த பேஸ்மெண்டுகளில் வேர்த்தது. கைதட்டல் அடிபோல விழுந்தது. கடல் தாண்டி இருக்கும் ஒரு மண்ணுக்காக, அதை மிதித்திராத பிள்ளைகள் கூட மேசையைக் குத்தினார்கள்.

கார்டெரியில் கடிக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். தனியாக விட்டால் கடிக்காது. சுற்றி நின்று பார்க்க ஆள் வேண்டும். ஒருமுறை கடித்துவிட்டு முகங்களைப் பார்க்கும். முகங்கள் பெரிதானால் அடுத்தமுறை ஆழமாகக் கடிக்கும். என் தம்பியின் வாயைப் பார்த்தபடி இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவதாக ஒரு கியூபெக் பெண்ணும் நின்றாள். பள்ளிக்கூட ஆசிரியை. அவளும் முதலில் கார்டெரி இடங்களையும் பஸ் நேரத்தையும்தான் பேசினாள். நான் அவளுக்குத் தலையாட்டியும் இருக்கிறேன். பிறகு அவளைச் சுற்றியும் முகங்கள் பெரிதாகின. பனி உருகத் தொடங்கிய நாட்களில் அவளும் பிரெஞ்சில் சீறினாள்: பஸ்ஸில் கொண்டுவந்து கொட்டப்படுகிறவர்களா நமக்குத் தலைவரைத் தீர்மானிப்பது? எங்கள் இரத்தத்துக்கு மட்டும் உள்ள நோய் அல்ல அது. கதவு ஒடுங்கினால் எவரும் இடிபட்டுத்தான் உள்ளே போவார்கள்.

ஒரு நாள் காலை என் கணவர் இறைச்சி வாங்கப் போனார். வரிசையில் தரகரின் ஆட்கள் இருவர் நின்றார்கள். எங்கள் பக்கம் பிழையே செய்யவில்லை என்று ஒருவன் உரத்துச் சொல்ல, இவர் மெதுவாகச் சொன்னாராம்: "எங்கட ஆக்களும் எங்கட ஆக்களைச் சுட்டிருக்கினம், தம்பி. நான் பாத்திருக்கிறன்."

மின்வாள் நின்றது. அந்த நிசப்தத்தைப் பற்றி அவர் எனக்குப் பின்னர் சொன்னார். வாள் ஓடும்போது அவருக்குப் பயமில்லை, நின்றபோதுதான் பயந்தார்.

அன்று மாலைக்குள் கோட்-டெ-நெய்ஜ் முழுக்கத் தெரிந்துவிட்டது: டொக்டரின்ர அத்தான் துரோகி. தரகர் அதை மேடையில் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டு, "டொக்டர் வீட்டில என்ன சமைக்கினம் எண்டு முதல்ல பாருங்கோ" என்று மட்டும் சொன்னார். இரண்டு நாளில் எங்கள் முன்ஜன்னல் உடைந்தது. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தேங்காயளவு பனிக்கட்டி, அழுக்கு நிறம், கண்ணாடியோடு வந்து சோற்றுக்குள் விழுந்தது. ஒரு சில்லு என் புறங்கையில் நின்றது. என் கணவர் அதைப் பிடுங்கினார். "அசையாதை" என்றார். வெளியே ஓடுகிற சப்பாத்துகள் தமிழில் சிரித்தன.

அடுத்த நாள் தம்பி வந்தான். ஜன்னலில் அடித்திருந்த பலகையைத் தடவிப் பார்த்தான். அவன் கண் சிவந்தது. இப்போது இவன் சீறப்போகிறான், எங்களுக்காகச் சீறப்போகிறான் என்று நினைத்தேன்.

"அத்தான், கூட்டத்தில ஒரு வசனம் சொல்லவேண்டியிருக்கு" என்றான்.

"என்ன வசனம்?"

"உங்களைப்பற்றி."

என் கணவர் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தார். ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"உங்கட பேரை வைச்சுத்தான் அவங்கள் என்னை அடிக்கிறாங்கள். மேடையில வைச்சு ஒருக்கா வெட்டிப்போட்டா முடிஞ்சுது. வெண்ட பிறகு நான் பழைய ஆள்தான், அத்தான். பார்லிமெண்டில நான் கதைக்கப்போறது முழுக்க நீங்கள் எனக்குச் சொன்னதுதான். இது உள்ளுக்குப் போறதுக்கு மட்டும்."

"உள்ளுக்குப் போறதுக்கு வாசல்ல செருப்பைக் கழட்டலாம். காலைக் கழட்டிப்போட்டு எப்பிடியடா நடக்கப்போறாய்?"

"உங்களுக்கு விளங்காது அத்தான். இவ்வளவு தூரம் வந்திட்டன்."

என் கையில் இருந்த பித்தளைச் செம்பை எறிந்தேன். அது அவன் காதோரம் போய்ச் சுவரில் அடித்து, கீழே உருண்டு உருண்டு சத்தமிட்டது. "உன்ர நெஞ்சில கை வைச்சுச் சொல்லடா!" என்று கத்தினேன். "அந்தப் பல்லைக் கட்டின கையால அந்த மனுசன்ர வாயிலேயே குத்தப்போறியோ?"

"அக்கா, சும்மா இரு."

"நான் ஏன் சும்மா இருக்கவேணும்?"

என் கணவர் செம்பைக் குனிந்து எடுத்தார். அது நசுங்கியிருந்தது. "சொல்லு தம்பி" என்றார். "ஆனா என்னைப் பாத்துச் சொல்லு. நான் வருவன். முன்வரிசையில இருப்பன்."

அவர் போகக்கூடாது என்று நான் கெஞ்சினேன். "எனக்கும் அட்டை இருக்கு" என்றார். "அவனுக்கு வோட்டுப் போட ஒரு ஆள் குறையக்கூடாது."

வாக்கெடுப்பு ஒரு பள்ளிக்கூட விளையாட்டு மண்டபத்தில். ரப்பர் மணமும் ஈரக் கம்பளி மணமும். சனிக்கிழமை. அதே நாளில் இறைச்சிக் கடைக்காரரின் மகளுக்குச் சாமத்திய வீடு, பிள்ளை பெரியவளானதற்கான சடங்கு, கொஞ்சத் தூரத்தில் ஒரு விருந்து மண்டபத்தில். அவரே கூட்டத்துக்கும் பஸ் பிடித்தார், சடங்குக்கும் பஸ் பிடித்தார். "ஒரே பஸ், ஒரே சனம். வோட்டைப் போட்டுட்டு நேர சாப்பாட்டுக்கு" என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தார். ஆகவே எங்கள் பெண்கள் காஞ்சிபுரத்திலும் நகையிலும் வந்திறங்கினார்கள், மேலே பருத்த குளிர்ச்சட்டை, கீழே பனிச்சப்பாத்து. ஆசிரியையின் ஆட்கள் அதைப் பார்த்து உதட்டைச் சுழித்தார்கள்.

ஆசிரியை பேசினாள். பஸ் என்ற சொல் வந்தபோதெல்லாம் அவள் பக்கம் எழும்பி நின்று தட்டியது. அது தங்களைப்பற்றி என்று விளங்காத எங்கள் சனத்திலும் சிலர் மரியாதைக்காகத் தட்டினார்கள். தரகர் பேசினார். தொண்டை கிழிந்தது. பிறகு என் தம்பி.

அவன் எப்படித் தொடங்கினான் என்பது நினைவில்லை. கழுத்து நரம்பு நினைவிருக்கிறது. ஒலிவாங்கியைக் கோழிக் கழுத்துபோலப் பிடித்திருந்த விரல்கள் நினைவிருக்கின்றன. "துரோகி என்ர வீட்டுக்குள்ள இருந்தாலும் துரோகிதான்!" என்றான். மண்டபம் ஒரு கணம் மூச்சை இழுத்தது. "என்ர அக்காவின்ர புருசன் எண்டாலும் துரோகிதான்! அந்த வாசலை இனி நான் மிதிக்கமாட்டன்!"

அவன் அத்தானைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த கூடைப்பந்து வளையத்தைப் பார்த்துச் சொன்னான்.

கதிரைகள் விழுந்தன. காலால் தரையை இடித்தார்கள். இடி என் முதுகெலும்பு வழியாக ஏறியது. யாரோ எங்கள் பின்னாலிருந்து என் கணவரின் தலையில் தட்டினான், விளையாட்டுக்குத் தட்டுவதுபோல. இன்னொருவன் துப்பினான். அவர் கைகளை முழங்காலில் வைத்தபடி இருந்தார். ஒருமுறை மட்டும் நாக்கால் மேற்பல்லைத் தடவிப் பார்த்தார்.

வாக்குப் போட்டோம். எண்ணினார்கள். தம்பி முதலாவது, ஆசிரியை இரண்டாவது, தரகர் கடைசி.

வெடித்தது மண்டபம். இறைச்சிக் கடைக்காரர் தம்பியைத் தோளில் தூக்கினார். பட்டுச் சேலைகள் குலவைபோலக் கூவின. கூட்டத்தை நடத்திய மனிதர் ஒலிவாங்கியில் பிரெஞ்சிலும் இங்கிலீசிலும் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். எங்கள் ஆட்கள் அதை நன்றியுரை என்று நினைத்துக் கைதட்டினார்கள். யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை, கடைசி ஆளை நீக்கிவிட்டு மறுபடி வாக்கெடுப்பு என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஊர்த் தேர்தலில் கூடுதலாக எடுத்தவன் வென்றவன். எங்கள் சனத்துக்கு அதுதான் தேர்தல். தம்பிக்கு விதி தெரியும். இறைச்சிக் கடைக்காரரிடம் சொல்லியும் இருந்தான். அவர் சொன்ன பதில், "முதல் அடியிலயே சாய்ச்சுப்போடுவம், டொக்டர்." தோளில் இருக்கிறவனுக்கு நிலத்தில் என்ன நடக்கிறது என்று தெரிவதில்லை. அவன் படம் எடுக்க வாசலுக்குக் கொண்டுபோகப்பட்டான். அதே வாசலால் சனமும் போனது.

"சுபநேரம் முடியப்போகுது, ஏறுங்கோ, ஏறுங்கோ!"

"பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்கோணும், வழி விடுங்கோ!"

நான் ஓடிப்போய் ஒரு பஸ்ஸின் கதவைப் பிடித்துக் கத்தினேன். "இறங்குங்கோ, இன்னொரு சுற்று இருக்கு!" உள்ளே இருந்த ஒரு பெண் என்னைப் பார்த்து, "துரோகியின்ர பெண்சாதி சொல்லுறா" என்றாள். கதவு மூடியது. என் கையை இழுத்துக்கொள்ள ஒரு நொடிதான் கிடைத்தது.

உள்ளே, தரகரின் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு அப்படியே இருந்தார்கள். அவர்கள் யாரும் போகவில்லை. தங்கள் ஆளைக் கடைசியில் தள்ளியவனை விழுத்தவேண்டும் என்ற ஒரு வெறி அவர்களை அந்தக் கதிரைகளில் ஆணி அடித்து வைத்திருந்தது. அவர்கள் எழும்பிப் போய், பஸ்ஸில் வந்த சனம் என்று தங்களைத்தான் திட்டிய ஆசிரியைக்கு வாக்குப் போட்டார்கள். அவள் சொன்னது விளங்கியிருந்தாலும் போட்டிருப்பார்கள்.

என் கணவர் இரண்டாவது தாளையும் வாங்கினார். தம்பியின் பெயருக்கு நேரே குறியிட்டு, எனக்குக் காட்டிவிட்டு மடித்தார். நான் என் தாளை வெறுமையாக மடித்துப் போட்டேன்.

ஆசிரியை வென்றாள். அவளுடைய ஆட்கள் பாடினார்கள். தம்பி மேடையருகே ஒரு கையில் மாலையோடு நின்றான். அவன் முகத்தில் இரத்தமே இல்லை.

வெளியே மாலை வெயில் பனிச்சேற்றில் குத்தியது. இறைச்சிக் கடைக்காரர் சடங்கு மண்டபத்திலிருந்து திரும்பி வந்திருந்தார். பட்டு வேட்டி, மேலே குளிர்ச்சட்டை, நெற்றியில் சந்தனம். செய்தி அவருக்குக் கிடைத்துவிட்டது. எங்களைக் கண்டதும் நேரே வந்தார்.

"இவன்தான்! உள்ளுக்க இருந்து கடைசிவரைக்கும் சனத்தைத் திருப்பினவன் இவன்தான்!"

"அண்ணை, அவர் வோட்டுப் போட்டது…" என்று நான் தொடங்கினேன்.

கை வந்தது. எலும்பை வாளுக்குத் தள்ளிப் பழகிய கை. முழுத் தோளும் அதன் பின்னால் வந்தது. ஈரமான விறகு பிளப்பதுபோல ஒரு ஓசை. என் கணவர் ஒரு காரின் மீது சாய்ந்து சரிந்தார். நான் அந்த மனிதரின் கழுத்தில் நகத்தால் பாய்ந்தேன். சந்தனமும் தோலும் என் விரலோடு வந்தன. யாரோ என்னைப் பிடித்து இழுத்தார்கள். அவர் இன்னொருமுறை ஓங்கியபோது, "அண்ணை!" என்று தம்பியின் குரல் படியிலிருந்து கேட்டது. மேடையில் இல்லாத குரல். உடைந்த, சின்ன வயசுக் குரல்.

இறைச்சிக் கடைக்காரர் கையை இறக்கி, வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, மகளின் சடங்குக்குப் போய்விட்டார்.

தம்பி வந்தான். பனிச்சேற்றில் முழங்காலில் விழுந்து தேடினான். உப்பும் சேறும் இரத்தமும் கலந்த இடத்தில் விரலால் அரித்தான். தான் கட்டிய இரண்டு பற்களையும் அவனே கண்டெடுத்தான். சுத்தமான பனியில் வைத்துத் தேய்த்துக் கழுவினான். உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அத்தான் முன்னால் நின்றான்.

"வாங்கோ அத்தான்" என்றான். "கிளினிக்கைத் திறக்கிறன். இப்பவே கட்டிவிடுறன். நோகாமச் செய்வன், வாங்கோ."

என் கணவர் வாயில் பொத்தியிருந்த கைலேஞ்சித் துணியை எடுத்தார். அவனைப் பார்த்தார். நேரே, கண்ணைப் பார்த்தார். அவனால் இப்போதும் நிமிர முடியவில்லை. காற்று அந்த ஓட்டை வழியாகப் போய்வர, சொற்கள் சீறி வெளியே வந்தன.

"வேறை டொக்டரிட்டைக் காட்டுறன், தம்பி. நீ சாமத்திய வீட்டுக்குப் போ. சனம் உன்னைப் பாத்துக்கொண்டிருக்கும்."